கதிரைக்குப் பிரம்பு வாங்கும்போது

போருக்குத் தப்பிய பழைய மரக்கதிரைகள் பல வீடுகளில் இருக்கை கிழிந்து மூலையில் கிடக்கின்றன. அவற்றைப் பின்னிக் கொடுத்தால் வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கலாம். ஆனால் ஓர் இருக்கைக்கு இரண்டு மூன்று நாட்கள் குனிந்திருக்க வேண்டும். இழை மோசமென்றால் நட்டம் எங்கள் கூலிக்குத்தான், சகோதரிகளே.

இருக்கைக்கு வேண்டியது பிரம்பின் மேற்தோலைச் சீவிய பட்டை. உள்தண்டில் கிழித்த இழையை மலிவென்று நீட்டுவார்கள். அது கூடைக்கு நல்லது. இருக்கையில் சீக்கிரம் அறுந்துவிடும். பட்டையைக் கணுவில் வளைத்துப் பாருங்கள். தோல் வெடித்து எழும்பினால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுழிப்பார், சுழிக்கட்டும். கொழும்பு–கண்டி வீதியால் போகிறவர்கள், பிரம்பு வேலைக்குப் பேர்போன வேவல்தெனியவிலும் விசாரித்துப் பார்க்கலாம்.

அளவைக் கதிரையே சொல்லும். சட்டத்துத் துளைகளுக்கிடையே அரை அங்குலம் என்றால் 2.25 மில்லிமீற்றர் பட்டை. முக்கால் அங்குலம் என்றால் 3 மில்லிமீற்றர். அதைவிடத் தடித்தால் மூலைவாட்டு இழை ஓட இடமிராது.

பிளாஸ்ரிக் இழை கேட்பவர்களும் உண்டு. தூவானம் அடிக்கும் விறாந்தைக்கு நானும் அதையே சொல்வேன், உக்காது. ஆனால் அது காய்ந்து இறுகாது, பின்னும்போதே பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். செல் துண்டு பட்ட கைக்கு அது கஷ்டம். அப்படியானவர்களுக்குப் பிரம்புதான் சரி. இளஞ்சூட்டு நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு மெல்லப் பின்னினால் போதும். காயக் காயத் தானே இறுகும்.

பட்டைக்குரிய காசை மட்டும் முன்பணமாக வாங்கிவிடுங்கள்.