டாக்டருக்கு மட்டும்தானா சுகாதாரம்?

"வைத்தியம் படிக்காதவனுக்குப் பொதுச் சுகாதாரத்தில் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள் சில கனவான்கள். நம் வீட்டுப் பிள்ளைகள், நாகர்கோவில் கல்லூரிகளில் பொருளாதாரமும் சரித்திரமும் படித்துத் தேறியவர்கள், எம்.பி.எச். என்னும் பொதுச் சுகாதார மேல்படிப்புக்கு மனுப் போட நினைத்தால் முதலில் குறுக்கே நிற்பது இந்தக் கேள்விதான்.

1842-ல் இங்கிலாந்துத் தொழிலாளர் குடியிருப்புகளின் சாக்கடை நாற்றத்தை அறிக்கையாக்கி, 1848-ம் ஆண்டு சுகாதாரச் சட்டத்துக்கு வழி திறந்த எட்வின் சாட்விக் யார்? வக்கீல்! (அவர் நம் ஆள் அல்ல, ஏழைகளை வேலைக்கூடங்களில் அடைத்த சட்டத்திலும் அவர் கை உண்டு.) 1845-ல் மான்செஸ்டர் தொழிலாளரின் நோயையும் சாவையும் எழுதினாரே எங்கெல்ஸ், அவர் எந்த வைத்தியக் கல்லூரியில் படித்தார்? விர்ஹோ டாக்டர்தான். ஆனால் 1848-ல் மேல் சைலீசியாவின் டைபஸ் காய்ச்சலுக்கு அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் இருந்தவை ஜனநாயகமும் கல்வியும்!

அவ்வளவு தூரம் போவானேன்? ஆரல்வாய்மொழி நூல் மில் தொழிலாளியைக் கேளுங்கள். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்னும் நோய் இது. தொழில் நோய் என்று நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஏறியிருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடைப்பது இருமல் மருந்து! ப்ளோரூமில் எத்தனை வருஷம் நின்றாய், தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா, பேரேட்டில் பெயரில்லாத பதிலிகள் எத்தனை பேர் என்று கேட்பது யார்? கன்னிப்பூ, கும்பப்பூ நடவில் சேற்றில் நிற்கும் பெண்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தால், காலுக்குக் காப்பு ஏன் இல்லை, காய்ச்சலோடு ஏன் வயலில் இறங்கினாள் என்று விசாரிப்பது யார்? கூலியையும் குடிசையையும் கணக்கெடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். டாக்டர்களோடு நமக்குச் சண்டையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நூறு பேருக்கு நடுவே திணறும் டாக்டருக்கு இந்த வேலையையும் செய்ய நேரமேது?

கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் சுகாதார ஆய்வு மையம் 1997-லேயே எம்.பி.எச். படிப்பைத் தொடங்கியது. சமூக அறிவியலில் எம்.ஏ. தேறியவர்களும் அங்கே மனுப் போடலாம். அந்த மையம் யார் பெயரில்? கேரளத்தின் கம்யூனிஸ்ட் முதலமைச்சர் அச்சுத மேனன் பெயரில்! அவர் ஆட்சிக் காலத்தில்தான் அந்த நிறுவனமே பிறந்தது. அவரும் டாக்டரல்ல, வக்கீல். பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் வைத்தியம் படிக்காத பட்டதாரிகளைச் சேர்க்கிறது.

சேர்க்கிறது, சரி, சம்பளம் கட்டுவது யார்? தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட மாணவர்களுக்கு இருந்த சலுகையைப் பறித்தபோது, 2018-ல் அந்த நிறுவனத்தின் மாணவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்துப் போராட வேண்டியிருந்தது. படித்து வந்தால் வேலை? 2017-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதார நிர்வாகப் பணி அமைக்க வேண்டும், சமூகவியலும் பொருளாதாரமும் மானிடவியலும் படித்துப் பயிற்சி பெற்றவர்களையும் அதில் எடுக்கலாம் என்கிறது. காகிதத்தில் சர்க்கரை! நம் மாநிலத்தில் சுகாதார அதிகாரிப் பதவி இன்றும் எம்.பி.பி.எஸ். பட்டத்தின் மேலேயே நிற்கிறது. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாகாணம் என்று மார்தட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். இந்தப் பிள்ளைகளுக்குப் பதவியை உண்டாக்கு, படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் சர்க்கார் ஏற்கட்டும் என்று கேட்கிறோம்.

மனுப் போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. புள்ளிவிவரக் கணக்கைக் கண்டு ஓட வேண்டாம். கூலிக் கணக்குப் பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு அது வரும். "ஏன் இந்தப் படிப்பு?" என்று எழுதச் சொல்வார்கள். அங்கே சேவை, இலட்சியம் என்று அலங்காரம் பண்ணாதீர்கள். அப்பனுடைய மூச்சிரைப்பையும் அம்மையின் காலில் ஆறாத சேற்றுப்புண்ணையும், அது ஏன் ஆறவில்லை என்பதையும் எழுதுங்கள்.