கண்ணாடித் தம்ளருக்கும் ஜாதகம் உண்டு

புதுச்சேரிக்கு வடக்கே, பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மாமியார் வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தம்ளர்கள் ஆறும், மீன் உருவத்தில் ஒரு ஜாடியும் வீட்டில் இருக்கின்றன. செண்டுமல்லிப் பூ நிறம். வெயிலில் பிடித்தால் மயில் கழுத்துப்போல் மினுக்குகிறது. பழைய சாமான் வாங்குகிறவர், 'வெறும் கண்ணாடி அம்மா, ஒரு எவர்ஸில்வர் சம்புடம் தருகிறேன்' என்கிறார். நாத்தனாரோ, 'பிரெஞ்சுக்காரர் காலத்துச் சாமான், கொடுத்துவிடாதே' என்கிறாள். யார் சொல்வது சரி?"

இருவரையும் விட்டுவிட்டுத் தம்ளரையே கேளுங்கள், சகோதரி. அது பொய் சொல்லாது.

முதலில், பூவேலைமீது விரலை ஓட்டிப் பாருங்கள். சாணை பிடித்து வெட்டிய கண்ணாடியானால் விளிம்பு சுருக்கென்று இருக்கும். அச்சில் வார்த்ததானால் மழுங்கலாக இருக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு தெரிகிறதா? அச்சின் துண்டுகள் சேர்ந்த இடம் அது. பிறகு உட்புறத்தைத் தடவுங்கள். வெளியே பூவேலை இருந்தும் உள்ளே வழவழவென்றிருந்தால், உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு உலக்கை போன்ற கருவியால் அழுத்திச் செய்தது. வெளியே மேடு இருக்குமிடத்தில் உள்ளே பள்ளமாக இருந்தால், அச்சுக்குள் ஊதிச் செய்தது.

அடுத்தது நிறம். சிவப்புத் தம்ளர்களில் இரண்டு ஜாதி உண்டு. உடல் முழுவதும் சிவப்பாக இருப்பது ஒன்று. மேலே மட்டும் சாயம் ஏற்றிச் சூளையில் சுட்டது மற்றொன்று. பொஹீமியா நாட்டு ஃப்ரீட்ரிக் ஏகர்மான் இந்தச் சிவப்புச் சாயத்தை 1832-ல் கண்டுபிடித்தார். கீறலோ சில்லுப் பெயர்ந்த இடமோ இருந்தால் பாருங்கள். அங்கே வெள்ளைக் கண்ணாடி தெரிந்தால் சாயம் ஏற்றியது. உங்களுடையதைப்போல் வானவில்லாக மினுக்குவது வேறு வகை. சூடான கண்ணாடிமீது உலோக உப்புக் கரைசலைத் தெளித்துச் செய்வது அது. 'கார்னிவல்' கண்ணாடி என்பார்கள்.

பூவேலையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வைரக் கட்டமும் நட்சத்திரமும் பல நாட்டுத் தொழிற்சாலைகள் செய்தவை. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தவையும் உண்டு. ஆகவே தம்ளரைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சாய்சதுரத்துக்குள் எழுத்துக்கள் இருந்தால் 1842-க்கும் 1883-க்கும் இடையே இங்கிலாந்தில் பதிவான மாதிரி. மயில் தலை முத்திரை இருந்தால் கேட்ஸ்ஹெட் நகரத்துச் சோவர்பி கம்பெனி.

உங்கள் ஜாடியின் அடியில் 'ஜெயின்' என்று இங்கிலீஷில் நான்கெழுத்து இருக்கிறதா? இருந்தால் அது பாரிஸிலிருந்து வந்ததல்ல. வளையலுக்குப் பேர்போன ஃபிரோஜாபாத்திலிருந்து வந்தது! 1928-ல் தொடங்கி 1986-ல் மூடப்பட்ட ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலையின் சரக்கு. மீன் ஜாடி, யானை ஜாடி, ஜாடியைப் பிடித்திருக்கும் கை எல்லாம் அவர்கள் கைவேலை. நம் நாட்டில் வேறு சில தொழிற்சாலைகளும் இப்படிப் பெயர் பதித்துத் தம்ளர் செய்ததுண்டு. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இதைத் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். நாம்தான் சம்புடத்துக்குக் கொடுத்துவிடப் பார்க்கிறோம்!

பாதுகாக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கும் காப்பியை இதில் ஊற்றாதீர்கள். தடித்த இடமும் மெல்லிய இடமும் ஒரே சீராக விரியாமல் பிளந்துவிடும். சாம்பலும் புளியும் வேண்டாம். மினுமினுப்புத் தேய்ந்து போகும். வெதுவெதுப்பான சோப்பு நீரே போதும். ஜாடியில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அதனால் படியும் வெண்மூட்டம் கண்ணாடியையே அரித்தது. எவ்வளவு கழுவினாலும் போகாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவதும் ஆபத்து.

ஒரு சிறு காகிதத்தில் இது யாருடையது, எந்த வருஷம் வாங்கியது என்று தெரிந்தவரை எழுதி ஜாடிக்குள் போட்டு வையுங்கள். தொழிற்சாலையின் பெயரை அடிப்பாகம் சொல்லும். மாமியாரின் பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த நான்கெழுத்து இருந்தால், 'பிரெஞ்சு' என்று நாத்தனார் சொன்னது தப்பு. ஆனால் 'கொடுத்துவிடாதே' என்று சொன்னாரே, அது நூற்றுக்கு நூறு சரி!