பண்டிதர் தந்த படைக்கலம்

சாரல் காலம்! குற்றாலத்து அருவியிலே குளித்துக் குதூகலிக்க மக்கள் கூட்டங் கூட்டமாக வருகிற காலம். அந்த நாளிலே தென்காசியில் ஒரு பொதுக்கூட்டம். தமிழிசை பற்றிப் பேசினேன். பேசினேன் என்பதைவிட முழங்கினேன் என்பதே பொருந்தும். "கடல் கொண்ட குமரிக் கண்டத்திலே பிறந்த இசை, காலத்தை வென்ற இசை!" என்றேன். கையொலி வானைப் பிளந்தது. மேடையை விட்டு இறங்கினேன். நாதசுரம் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"பேச்சு நல்லாத்தான் இருந்துது தம்பி. இளின்னா எந்தச் சுரம்? சொல்லுங்க பாப்போம்."

தெரியவில்லை, தோழர்களே! சிலப்பதிகாரம் பற்றி ஒரு மணி நேரம் பேசியவனுக்கு அதிலே வருகிற ஓர் இசைச் சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. சாரல் துளி விழுந்துகொண்டிருந்தது, எனக்கோ வியர்த்தது.

விடை தந்திருக்கக் கூடியவர், அந்த மேடைக்குச் சில கல் தொலைவிலேயே, சுரண்டையை அடுத்த சாம்பவர் வடகரையிலே 1859 ஆகஸ்டு 2 ஆம் நாள் பிறந்தவர். ஆபிரகாம் பண்டிதர்!

போலந்து நாட்டார் தம் கோப்பர்நிக்கசை இன்றும் கொண்டாடுகின்றனர். மருத்துவம் பார்த்தார், திருச்சபைப் பணி ஆற்றினார், நாணயத்தின் மதிப்பு குறித்தும் எழுதினார். நோயாளியின் நாடி பார்த்த அந்தக் கைதான், பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று 1543 இல் வெளிவந்த நூலையும் எழுதிற்று. அவரை அறிந்த நாம், நம் மண்ணின் பண்டிதரை அறிந்தோமா? திண்டுக்கல்லிலே ஆசிரியப் பயிற்சி; தஞ்சையிலே ஆசிரியப் பணி; பின்னர் அதை உதறிவிட்டுச் சித்த மருத்துவம். சுருளி மலையிலே கண்ட கருணானந்தர் என்னும் முனிவரை ஆசானாகக் கொண்டார். அவர் பெயரால் எழுந்த மருத்துவச்சாலையின் மாத்திரைகள் கடல் கடந்தும் விலை போயின. பயிர்த்தொழிலிலே ஆராய்ச்சி, ஒளிப்படக் கலையிலே தேர்ச்சி, சொந்தமாக அச்சகம்! பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் இல்லை. கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்த எனக்கு இதிலே ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் அவர் படித்ததிலே பத்தில் ஒரு பங்கு நான் படித்தேனா என்று கேட்டுக்கொண்டால் அந்த ஆறுதலும் அகன்றுவிடுகிறது.

மருந்து தந்த பொருளையெல்லாம் எங்கே கொட்டினார்? இசையிலே! 1912 இல் தஞ்சையிலே சங்கம் கண்டார். மாநாடுகளைத் தம் செலவிலே கூட்டினார். வித்துவான்களை வரவழைத்து வாதிடச் செய்தார். 1917 இல், ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது.

அதன் உயிர்நிலை எது? ஓர் இயக்கில் சுருதிகள் 22 என்று வடமொழி நூலாராகிய சாரங்கதேவர் 13 ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார், அதுவே வேதவாக்காயிற்று. பண்டிதரோ சிலப்பதிகாரத்தைத் திறந்தார். பன்னிரண்டு இராசிகளிலே சுரங்களை நிறுத்தும் முறையைக் கண்டார். குரல் என்பது சட்சம். இளி என்பது பஞ்சமம். (பெரியவரே, இப்போது தெரியும்!) குரலுக்கு இளி, அந்த இளிக்கு மீண்டும் ஓர் இளி எனத் தொடர்ந்தால் பன்னிரண்டு வீடுகளையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வரலாம். ஒவ்வொரு வீட்டையும் இரண்டாகப் பகுத்தால் சுருதி 24. கணக்கிட்டுக் காட்டினார், நரம்பை மீட்டியும் காட்டினார். 1916 இல் பரோடாவிலே கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலே, 22 என்போரும் வந்திருந்த அவையிலே, தம் குடும்பத்துப் பெண்களைக் கொண்டே அதனை மெய்ப்பிக்க முற்பட்டார். பெண்கள் சபையேறத் தயங்கிய காலம் அது என்பதை மறவாதீர்கள்.

எல்லாவற்றையும் அப்படியே ஏற்கிறேனா? இல்லை. இளியை மூன்றுக்கு இரண்டு என்னும் துல்லிய அளவிலே எடுத்தால், பன்னிரண்டாம் அடியிலே வட்டம் இம்மியளவு பிசகும். எல்லா வீடுகளையும் சமமாக்கினால்தான் மூடும். அவர் சமமாக்கினார். அது சரியா என்பது வாதத்துக்குரியது. வாதிடுங்கள்! தம் கூற்றை வாதிடத் தக்க விதத்தில் எழுதியதே அவர் பெருமை.

அதே நூலிலே லெமூரியாவும் வருகிறது. அவர் காலத்து மேல்நாட்டார் சிலர் எழுதியதை நம்பினார். அத்தகைய கண்டம் இந்துமாக் கடலிலே மூழ்கியது என்பதை இன்றைய நிலவியல் ஏற்கவில்லை. நாமோ என்ன செய்தோம்? அளந்து சொன்னதை அலமாரியிலே பூட்டினோம். அளக்க முடியாத கண்டத்தை ஒலிபெருக்கியிலே ஏற்றினோம்! கைதட்டல் கிடைக்கிறது, உண்மை. எதிர்த்தரப்பிலே ஒருவன் எழுந்து "சான்று?" என்று கேட்டால் அந்தக் கைதட்டலா காப்பாற்றும்? புராணத்தைப் பகுத்தறிவுக் கண் கொண்டு பார் என்று ஊருக்குச் சொல்லும் நாம், நமக்கு இனிக்கிற புராணத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமா?

1919 ஆகஸ்டு 31 இல் பண்டிதர் மறைந்தார். சென்னையிலே தமிழிசைச் சங்கம் எழுந்தது 1943 இல். இடையே 24 ஆண்டுகள். அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வரும் தோழர்கள், அருவியிலே தலை நனைத்த பிறகு ஒரு பொழுது சாம்பவர் வடகரைக்கும் வாருங்கள். நானும் வருகிறேன். 'கருணாமிர்த சாகரம்' என் கையில் இருக்கும். முடிந்தால் அந்த நாதசுரப் பெரியவரையும் அழைத்து வருகிறேன். அவரிடம் இன்னும் கேள்விகள் இருக்கும்.