வெயிலில் திறக்கும் மருந்து கொடிக்காலுக்கு ஆகுமா?

பூச்சி மருந்தை நுண்ணிய உறைக்குள் அடைத்து, வெயில் பட்டதும் உறை திறந்து மருந்து சிறிது சிறிதாகக் கசியும்படி செய்யும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடந்து வருகிறது. மருந்து வீணாவது குறையும், அடிக்கடி தெளிக்க வேண்டியதில்லை என்கிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனாலும் புன்னக்காயல், ஆத்தூர் பகுதி விவசாயிகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது.

மேலே பூச்சுப் பூசிய சரக்கு நமக்குப் புதிதல்ல. உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என 2015-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. அதற்கு முன்பே யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து மேலுரமாக இட்டவர்கள் நாம். தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை வேம்பு மட்டுப்படுத்துகிறது. சத்து வீணாவது குறைகிறது. வேம்பும் மண்ணோடு மக்கிவிடுகிறது.

வெயிலை நம்பும் உறையின் கதை வேறு. நெல்லில் புகையான் இருப்பது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. பயிர் மூடிய பிறகு அங்கே வெயில் ஏது? பட்டம் விட்டு நட்ட வயலில் கொஞ்சம் வெளிச்சம் இறங்கும். நம்மில் எத்தனை பேர் பட்டம் விடுகிறோம்?

எனக்குப் பெரிய கவலை வெற்றிலைதான். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி நிழலில் வளரும் கொடி அது. நிழலில் திறக்காத உறை மருந்தோடு இலையிலேயே ஒட்டியிருந்தால், பறித்த இலை சந்தைக்குப் போய், அங்கிருந்து நேரே வாய்க்குள் போகும். வேகவைக்கும் பண்டமல்லவே இது! தெளித்து இத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று வெட்டவெளியில் கணக்கிட்ட கெடு கொடிக்காலுக்குப் பொருந்தாது.

மருந்து தீர்ந்த பின் கூடு என்னாகும் என்பது அடுத்த கேள்வி. ஜப்பானில் பிளாஸ்டிக் பூசிய உரத்தின் வெற்றுக் கூடுகள் நெல் வயலிலிருந்து கடல்வரை சென்றன. 2030-க்குள் அந்தப் பிளாஸ்டிக்கைக் கைவிட முயல்வதாக அந்நாட்டு உர அமைப்புகள் 2022-ல் அறிவித்தன. நம் வடிகால் தண்ணீர் சேருவதும் புன்னக்காயல் முகத்துவாரத்தில், மீனவர் வலை போடும் இடத்தில்தான்.

ஆகவே இத்தகைய மருந்துக்கு அனுமதி தருமுன் கொடிக்கால் நிழலிலேயே சோதித்து, பறிப்புக் கெடுவைத் தனியாக நிர்ணயிக்க வேண்டும். உறை எதனால் ஆனது, எத்தனை நாளில் மக்கும் என்பதைப் புட்டியின் மேல் தமிழில் அச்சிட வேண்டும். அச்சிடாத புட்டியை வாங்க வேண்டாம்.