காதைப் பறிப்பது கடல் மட்டுமா?

தூத்துக்குடிக்கு ‘முத்துநகர்’ என்று பெயர். அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சங்கு குளிப்பது மட்டும் நிற்கவில்லை.

கடலில் 10 மீட்டர் இறங்கினால், உடல் தாங்கும் அழுத்தம் இரு மடங்கு ஆகிறது. சளியோடு முங்கினால் செவிப்பறை கிழியலாம். காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர், சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் குமிழிகள் உண்டாகும். கால் விளங்காமலே போகலாம்!

தெரிந்தும் ஏன் இறங்குகிறார்கள்? சளி என்று படுத்தால் கூலி இல்லை; அடுப்பு எரியாது. முன்பணம் வாங்கியவருக்கோ கடன் வேறு! ஊனத்துக்குக் காரணம் கடல் மட்டும் அல்ல, வறுமையும்தான்.

நோய் நாளுக்குப் படி, ஆண்டுதோறும் காதுப் பரிசோதனை, நிதானமாக மேலேறப் பயிற்சி — இந்த மூன்றும் வேண்டும். காது போன பிறகு உதவித்தொகை கொடுப்பதைவிட, காதைக் காப்பதே பெரிய உதவி!