அண்ணாவின் காருக்கு ஒரு தனி நம்பர் பிளேட் வேண்டுமா?

பிளேஸ்டோ ஸ்டேஷனில் இருந்து நடந்து வரும்போது நண்பன் ஒருவன் கேட்டான்: "அமெரிக்காவில ஆமியில இருந்த ஆக்களுக்கு ஸ்பெஷல் நம்பர் பிளேட் குடுக்கினமாம். இஞ்ச ஏன் இல்லை? என்ர அண்ணாவுக்கும் ஒண்டு கிடைச்சா நல்லா இருக்குமெல்லோ?"

அவனுடைய அண்ணா பிரித்தானிய இராணுவத்தில் இருக்கிறார். "ஆமி" என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறும் அம்மாமார் உள்ள வீடுகள் எங்களுடையவை. அப்படி ஒரு வீட்டில் இருந்து ஒரு பிள்ளை அந்த உடுப்பைப் போடுவது லேசான முடிவு இல்லை. அதனால் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிழமை யோசித்தேன். என் பதில், வேண்டாம் என்பதுதான். அண்ணாவுக்கு மரியாதை கூடாது என்பதால் அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அவன் சொன்னது உண்மை. அமெரிக்காவில் நம்பர் பிளேட் கொடுப்பது மாநில அரசுகளின் வேலை. படைச் சேவையில் இருந்தவர்கள், காயப்பட்டு 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் பெற்றவர்கள், போரில் பிள்ளையை இழந்த 'கோல்ட் ஸ்டார்' குடும்பங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி வடிவங்கள் இருக்கின்றன. சேவை செய்ததற்கான ஆதாரத்தைக் காட்டி வாங்க வேண்டும். சில வகைகளுக்குக் கட்டணச் சலுகையும் பார்க்கிங் சலுகையும் உண்டு.

இங்கே அப்படி இல்லை. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுத்து. ஓரத்தில் யூனியன் ஜாக் அல்லது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் கொடிகளில் ஒன்றைப் போடலாம். 2020 டிசம்பரில் இருந்து மின்சாரக் கார்களுக்கு ஒரு பச்சைப் பட்டை வந்தது. இராணுவத்தின் சொந்த வாகனங்களுக்குத் தனி இலக்க முறை உண்டு. ஆனால் லீவில் வீட்டுக்கு வரும் சிப்பாயின் கார், உங்கள் மாமாவின் கார் மாதிரித்தான்.

அது அப்படியே இருப்பதுதான் நல்லது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, பாதுகாப்பு. வெஸ்ட் ஹாமில் டி.எல்.ஆர். ஏறினால் ஆற்றைக் கடந்து நேரே வுலிச் ஆர்சனல். அந்த வுலிச்சில்தான் 2013 மே 22 அன்று, பட்டப்பகலில், லீ ரிக்பி என்ற சிப்பாய் கொல்லப்பட்டார். அவர் அப்போது சீருடையில் இல்லை. படையினருக்கு உதவும் 'ஹெல்ப் ஃபோர் ஹீரோஸ்' அமைப்பின் பெயர் போட்ட மேல்சட்டை அணிந்திருந்தார். அந்த ஞாபகம் உள்ள ஊரில், "இந்த வீட்டில் ஒரு சிப்பாய் இருக்கிறார்" என்று இரவு முழுக்க வாசலில் ஒரு தகட்டை நிறுத்தி வைக்கலாமா? விரும்பியவர்கள் மட்டும் வாங்கட்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்தக் காரை அண்ணி ஓட்டுவார். அம்மா பின்சீட்டில் இருப்பார். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த முடிவு.

இரண்டு, உதவியும் அடையாளமும் ஒன்று இல்லை. காயப்பட்ட ஒருவருக்குக் கடை வாசலில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்றால், அதற்கு புளூ பட்ஜ் இருக்கிறது. அதைப் பார்ப்பவருக்கு, இவருக்கு நடப்பது கஷ்டம் என்று மட்டும் தெரியும். எப்படிக் கஷ்டம் வந்தது என்று தெரியாது. போரில் காயப்பட்டு, நடமாட்டத்துக்கான கூடுதல் ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கு வாகன வரியும் இல்லை. சேவையை விட்டவர்களுக்கு ஓர் அடையாள அட்டை உண்டு. அது பொக்கெற்றுக்குள் இருக்கும். எப்போது, யாருக்குக் காட்டுவது என்று அவரே முடிவெடுப்பார்.

அடையாளம் மட்டும் காரில் ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சென்னையில் பார்க்கலாம். அங்கே தனியார் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் 'போலீஸ்', 'பிரஸ்', 'அட்வகேட்', 'டிஃபென்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் பெருகியது. பலர் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, 2024 மே 2 முதல் அப்படிப்பட்ட ஸ்டிக்கர்களுக்குப் போக்குவரத்துப் பொலிஸ் அபராதம் போடத் தொடங்கியது. மரியாதைக்கு என்று ஒட்டியது, "என்னை மறிக்காதே" என்று சொல்லும் சீட்டாக மாறிவிட்டது.

மூன்றாவது காரணம் எங்கள் வீட்டுக் கதை.

என் அம்மப்பா 1958இல் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பையன். தார் வாளியோடு அண்ணன்மார் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியதைப் பார்த்தது அவருக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது. ஏன் ஓடினார்கள்? ஒரு எழுத்துக்காக. 1957இல் இலங்கை அரசு வாகன இலக்கங்களில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ'யைக் கொண்டு வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. தமிழ் 'ஸ்ரீ'யைப் போட்டுக்கொண்டு பலர் வண்டி ஓட்டினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் வந்தது, போராட்டம் நின்றது. 1958 மார்ச்சில், புதிதாக அரசு கையேற்றிருந்த பஸ்கள் சிங்கள 'ஸ்ரீ'யோடு வடக்குக்கு வந்தன. தார் பூசுவது மறுபடி தொடங்கியது. பதிலுக்குக் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம். ஒரு எழுத்து மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்து ஒவ்வொரு தெருவிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் யாராலும் வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை.

இதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: நம்பர் பிளேட் என்பது அரசாங்கத்தின் கையெழுத்து. அது தெருவில் எல்லார் கண்ணிலும் படும், ஆனால் எல்லாரும் அதை ஒரே மாதிரி வாசிப்பதில்லை. அதைப் போட்டவருக்குப் பெருமையாக இருப்பது, எதிரே நிற்பவருக்கு வேறொன்றாக இருக்கலாம். எங்கள் தெருவைப் பாருங்கள். ஈராக்கில் இருந்து, ஆப்கானிஸ்தானில் இருந்து, வட அயர்லாந்தில் இருந்து வந்த குடும்பங்களும் லண்டனில்தான் இருக்கின்றன. பிரித்தானிய இராணுவம் என்றால் அவர்களில் சிலருக்குக் காப்பாற்றியவர்கள், சிலருக்கு வீட்டுக் கதவை உடைத்தவர்கள். சிங்கள எழுத்தோடு ஓடும் இராணுவ ட்ரக்கைப் பார்த்தால் என் அம்மாவின் கை எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் போனபோது பார்த்தேன். அதே தெருவில் வேறொரு பெண்ணுக்கு அந்த ட்ரக் தன் மகனை ஞாபகப்படுத்தும் என்பதும் எனக்குத் தெரியும்.

"இங்கத்தைய ஆமி வேற, அங்கத்தைய ஆமி வேற" என்றான் நண்பன். சரிதான். ஆனால் அந்த வித்தியாசத்தை ஒரு தகட்டால் விளக்க முடியாது. அதற்குப் பேச வேண்டும். அண்ணா எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "கவனமடா தம்பி" என்றுதான் சொல்லுவார். அவர் உடுப்போடு வந்தால் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பார், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பார். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் இடம் வேண்டும்.

2021 சனத்தொகைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக, "படையில் இருந்தீர்களா?" என்று இங்கே கேட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 18.5 லட்சம் பேர் ஆம் என்றார்கள். அவர்களுக்கு நாங்கள் கேட்க வேண்டியது, வெளியே வந்ததும் ஒரு வீடு, இரவில் நித்திரை வராவிட்டால் காத்திருக்க வைக்காத ஒரு வைத்தியர், வயது வந்த பிறகு கற்க ஒரு வேலை. இவற்றுக்குக் காசு வேண்டும். தகட்டுக்கு அவ்வளவு வேண்டாம். அதனால்தான் அரசாங்கங்களுக்குத் தகடு கொடுப்பது சுலபம்.

நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ எழுது, நான் அண்ணாட்டக் கேட்கிறன்" என்றான். கேட்கட்டும். என் அப்பா, அம்மா கேட்காமல் விட்ட கேள்வி அது.