ஓடிவிட்டது என்று சொல்லாதீர்கள்

சென்ற மாரியில் ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் விருந்து. நான் வேட்டைக்குப் போகிறவன் என்பது எப்படியோ பேச்சில் வந்துவிட்டது. எதிரே இருந்தவர் ஆட்டிறைச்சிக் கறியைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தார். "மானைச் சுட உங்களுக்கு எப்பிடி அண்ணை மனம் வருது? இரத்தம் பாத்து வெளிக்கிட்ட சனமல்லோ நாங்கள்" என்றார். மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அரை மணித்தியாலம் கழிந்திருக்காது. அதே மேசையில் ஓர் இளைஞர், வரும் வழியில் தன் கார் ஒரு மானை அடித்த கதையைச் சொன்னார். முன்விளக்கு உடைந்துவிட்டது, காப்புறுதிக்கு எழுதவேண்டும் என்றார். மானுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். "அது நொண்டி நொண்டிக் காட்டுக்குள்ள ஓடீற்றுது அண்ணை, பிரச்சினை இல்லை" என்றார். இதற்கு ஒருவரும் நிமிரவில்லை.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்கு நோர்வேயில் ஒரு ஃபியோர்ட் கரைக் கிராமத்தின் வேட்டைக் குழுவில் நான் உறுப்பினன். அங்கே நாங்கள் வேட்டையாடுவது செம்மான். நோர்வேஜிய மொழியில் யோர்ட். நம் வன்னி மரையை நினைத்துக்கொண்டால் உடம்பின் அளவு பிடிபடும். நாட்டில் ஆண்டுதோறும் 40,000-க்கும் மேற்பட்டவை சுடப்படுகின்றன. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 23 வரை பருவகாலம். ஒவ்வோர் ஆண்டும் முப்பது வெடி பயிற்சி செய்து, பிறகு 100 மீற்றரில் ஐந்து வெடியும் இலக்கில் விழுந்தால்தான் அந்த ஆண்டு துவக்கோடு காட்டுக்குப் போகலாம். ஐந்தும் எனக்கு விழுந்திருந்தன.

ஓர் ஒக்டோபர் மாலை, ஆறேகால் மணி. புல்வெளி ஓரத்தில் ஒரு பெண் மான். விசையை இழுக்கும் கணத்தில் அது ஓரடி முன்னே வைத்தது. நெஞ்சில் பட்டிருந்தால் பின்னங்காலை உதைத்துக்கொண்டு பாய்ந்திருக்கும். இது முதுகைக் கூனிக்கொண்டு, மெல்ல, காட்டுக்குள் போயிற்று. கூனினால் வயிறு என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் மனம் சொன்னது வேறு: "படவில்லை. தவறிவிட்டது. வீட்டுக்குப் போ."

நாய்க்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுபதை நெருங்கும் விவசாயி. வந்து, கைவிளக்கோடு முழந்தாளிட்டுப் புல்லைத் தடவினார். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். கரும்சிவப்பு என்றால் ஈரல். அவர் விரலில் ஒட்டியிருந்தது பச்சை கலந்த பழுப்பு. மணத்தைப் பார் என்று நீட்டினார். அரைத்த புல்லின் மணம். "இப்போது போனால் அதை மலை தாண்டி ஓட்டிவிடுவோம். விட்டால் கிட்டத்தில் எங்கேயாவது படுக்கும். விடியட்டும்" என்று சொல்லி, சுட்ட இடத்தில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டுப் போனார்.

அந்த இரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் என் வேதனையைப் பற்றி எழுதுவதாகிவிடும். தூங்காமல் கிடந்தது மான்.

விடிந்ததும் நீண்ட வாரில் அவருடைய ஹனோவர் நாய் முன்னே போக, நாங்கள் பின்னால். இரத்தம் 200 மீற்றரோடு நின்றுவிட்டது, நாய் நிற்கவில்லை. குளம்பின் வாசனையையும் அது பிடிக்கும். ஒரு படுக்கை கண்டோம், வெறுமை. ஓடையைக் கடந்து இரண்டாவது படுக்கை, அதுவும் வெறுமை. பதினொன்று பத்துக்கு, விழுந்த தேவதாரு மரத்தின் பின்னால், தலையை நிமிர்த்தியபடி அது கிடந்தது. இரண்டாவது வெடியை நான் வைத்தேன். என் கணக்கில் பதினேழு மணித்தியாலம்.

இறைச்சியில் பெரும்பகுதியை வீசவேண்டியதாயிற்று. அப்படியானால் எதற்குத் தேடினோம்? அந்தப் பதினேழு மணித்தியாலம் மூன்று நாளாகிவிடக்கூடாது என்பதற்காக. வேறு இலாபம் எதுவும் இல்லை.

இதற்கு நோர்வேஜியரிடம் ஒரு சொல் இருக்கிறது: எத்தர்சோக். பின்சென்று தேடுதல். செம்மான், ரோமான், எல்க் இவற்றை வேட்டையாட, தேர்வில் தேறிய தேடுநாய் ஒன்று கிடைப்பதை முன்கூட்டியே உறுதி செய்திருக்கவேண்டும் என்பது சட்டம். தன் வெடி பட்டதா என்று தேடிப் பார்ப்பதும் வேட்டைக்காரனின் கடமை; பார்க்காமல் "தவறிவிட்டது" என்று சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. அப்படிச் சொல்லிவிட்டு வீடு போகும் நோர்வேஜியரும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் எனக்கு இதே கோபம்தான்.

நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? நம் அகப்பொருள் இலக்கியத்தில் "கெடுதி வினாதல்" என்றொரு துறை உண்டு. தினைப்புனத்தில் நிற்கும் பெண்களிடம் தலைவன் வந்து, தன் அம்பு பட்ட விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று விசாரிப்பான். திருக்கோவையாரில் யானைக்கு ஒரு கிளவி, கலைமானுக்கு ஒரு கிளவி என்று தனித்தனியே இருக்கின்றன. எல்லோருக்கும் தெரியும், அவன் மானைத் தேடி வரவில்லை. மான் ஒரு சாட்டு. அழகான சாட்டு, நானும் இரசித்துப் படித்தவன்தான். ஆனால் அந்த மான் என்னவாயிற்று என்று நம் உரையாசிரியர்களும் கேட்கவில்லை, வகுப்பில் நாமும் கேட்கவில்லை. விருந்தில் அந்த இளைஞர் கதை சொன்னபோது தலை நிமிராமல் இருந்தவர்களை நினைக்கும்போது எனக்கு அந்தத் துறைதான் நினைவுக்கு வருகிறது.

வள்ளுவரை இழுப்பார்கள் என்று தெரியும். இழுக்கட்டும். புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் கொல்பவனோடு நிற்கவில்லை; தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை என்று வாங்குபவனையும் கூண்டில் ஏற்றினார். ஆட்டிறைச்சிக் கறிக்கு முன்னால் இருந்துகொண்டு என்னை விசாரிக்க அந்த அதிகாரம் உதவாது. மரக்கறி மட்டும் உண்பவர் என்னைக் கேட்டால் அது வேறு. நீ சுடாதிருந்தால் காயமே இல்லையே என்பார். உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நெடுநாள் வேட்டையாடுகிற எவனும் ஒருநாள் ஒரு விலங்கைக் காயப்படுத்துவான். இல்லை என்பவன் திரும்பிப் பார்க்காதவன்.

ஆனால் அந்த மரக்கறி நண்பரும் கார் ஓட்டுகிறார். நோர்வேயின் 2009 ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின் நான்காம் பிரிவு வேட்டைக்காரனுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. காயப்பட்ட விலங்கைக் காணும் எவருக்கும் உதவும் கடமை உண்டு, முடியாவிட்டால் அறிவிக்கவேண்டும். மானை இடித்தால் 02800 என்ற பொலிஸ் எண்ணுக்கு எடுங்கள். அது எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். ஒரு பிளாஸ்ரிக் பையை அந்த இடத்து மரக்கிளையில் கட்டிவிடுங்கள். நாயோடு ஆள் வருவார். நீங்கள் காட்டுக்குள் இறங்கவேண்டியதில்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் எண்ணை இன்றே தேடிக் கைபேசியில் பதிந்துவைக்கலாம். "ஓடீற்றுது" என்பது மட்டும் பதில் அல்ல. கால் முறிந்த மானும் ஓடும். வயிற்றில் சன்னம் பாய்ந்த மான் மலை ஏறும்.

இரத்தம் பார்த்து வெளிக்கிட்ட சனம் நாங்கள் என்றார் அந்தத் தம்பி. அந்தச் சொல்லை நான் இலேசாக எடுக்கவில்லை. காயப்பட்டவர்களைத் தூக்க ஆளில்லாமல், திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் நடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று, சூடாக்கிய காரில், சட்டைப்பைக்குள் தொலைபேசியோடு இருக்கும் நமக்கு வழி இருக்கிறது. இரத்தம் பார்த்தவர்கள் என்பதால் நாம் இந்த விடயத்தில் மற்றவர்களைவிட ஒருபடி அதிகம் கவனமாக இருக்கவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தம்பி, மானைச் சுட எப்படி மனம் வருகிறது என்று கேட்டீர்கள். சுடும்போது மனம் எப்படி இருந்தது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சுட்ட பிறகு வீட்டுக்குப் போய்விட மனம் வந்தது. அதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கவேண்டும். பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடமும்.